பழைய மஸ்டாங்கில் 75 எச்.பி. நைட்ரஸ்: பாட்டில் வாங்கும் முன் காரைப் பாருங்கள்

ஓஹையோவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 1990 ஃபோர்டு மஸ்டாங் எல்எக்ஸ் 5.0 ஹேட்ச்பேக் இருக்கிறது. ஐந்து கியர் மேனுவல், 1,18,000 மைல் ஓடியிருக்கிறது, எஞ்சினை யாரும் திறந்ததில்லை. மாதம் ஒருமுறை டிராக் ஸ்ட்ரிப்புக்கு, அதாவது நேர்கோட்டுப் பந்தயத் தடத்துக்குப் போகிறேன். 75 எச்.பி. நைட்ரஸ் கிட் மாட்டினால் எஞ்சின் தாங்குமா? வேறு என்னவெல்லாம் மாற்ற வேண்டும்?"

தாங்கும். அந்த ஆண்டு 5.0 எஞ்சினில் வந்தவை ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள், அதாவது அடித்து உருவாக்கிய வலுவான வகை. 1993-இல்தான் ஃபோர்டு அதை மாற்றி, வார்ப்பு வகையான ஹைப்பர்யூடெக்டிக் பிஸ்டன் போட்டது. 225 எச்.பி. எஞ்சினுக்கு இன்னொரு 75 என்பது அதன் இரும்புக்குப் பெரிய சுமையே இல்லை. எனக்குக் கவலை அந்த இரும்பைச் சுற்றி இருக்கும் முப்பது வயது தாண்டிய ரப்பர், பம்ப், ஃபில்டர், ஒயர் இவற்றைப் பற்றித்தான். கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் அங்கே செலவழியுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

நைட்ரஸ் ஆக்சைடு எரிபொருள் இல்லை, அது தானாக எரியாது. ஆக்சிஜனைச் சுமந்து வருவது மட்டும்தான் அதன் வேலை. எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம், நைட்ரஸில் 36 சதவீதம். பாட்டிலுக்குள் திரவமாக இருப்பது, நாசிலை விட்டு வெளியே வந்ததும் கொதித்து வாயுவாகிறது. அதன் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி செல்சியஸ் என்பதால், கூடவே உள்ளே போகும் காற்றும் சட்டென்று குளிர்ந்து அடர்த்தியாகிறது. சிலிண்டருக்குள் 300 டிகிரி செல்சியஸ் அளவைத் தாண்டியதும் மூலக்கூறு உடைந்து ஆக்சிஜன் விடுபடுகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள், காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சின் திணறாமல் இருக்க இதையே ஜிஎம்-1 என்ற பெயரில் பயன்படுத்தின.

கூடுதல் ஆக்சிஜன் வந்துவிட்டால் அதற்கு ஈடான பெட்ரோலும் வந்தாக வேண்டும். வராவிட்டால் கலவை லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் பற்றாத நிலை), சூடு ஏறும், நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) தொடங்கும். சாதாரண நாக்கிங் காதில் விழுந்ததும் காலை எடுத்துவிடலாம். நைட்ரஸ் ஓடும்போது வருவது காதுக்கு எட்டுவதற்குள், ரிங்குகள் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய கரை உடைந்திருக்கும், இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். "நைட்ரஸ் எஞ்சினைத் தின்றுவிடும்" என்று சொல்பவர்கள் பார்த்த சேதம் உண்மைதான். ஆனால் அதில் பெரும்பாலானவை பெட்ரோல் பற்றாமல் போனதால் வந்தவை.

அதனால் பெட்ரோல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முழு ஆக்சிலரேட்டரில் ஒரு எச்.பி.க்கு மணிக்கு ஏறக்குறைய அரை பவுண்டு பெட்ரோல் வேண்டும். 225 எச்.பி.க்கு 112 பவுண்டு, அதாவது மணிக்கு 70 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் காரோடு வந்த பம்பின் அளவு 88 லிட்டர், எனவே அதுவரை சரி. 300 எச்.பி. என்றால், நைட்ரஸுக்குக் கொஞ்சம் ரிச்சாகவே (பெட்ரோல் கூடுதலாக) ஓட்ட வேண்டும் என்பதால் எச்.பி.க்கு 0.55 பவுண்டு வைத்துக்கொள்ளுங்கள். 165 பவுண்டு, கிட்டத்தட்ட 100 லிட்டர் ஆகிறது. பம்ப் புத்தம் புதிதாக இருந்தாலும் பற்றாது. உங்களுடையதோ டேங்குக்குள் முப்பது வருடமாக ஊறிக் கிடப்பது.

இதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். என் 1989 எல்எக்ஸில் நைட்ரஸ் போடலாம் என்று நினைத்த வருடம், ஃபியூயல் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) உள்ள வால்வில் நீளமான ஹோஸோடு ஒரு பிரஷர் கேஜை மாட்டினேன். ஹோஸை பானட்டின் பின்விளிம்பு வழியாக வெளியே எடுத்து, கேஜை முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் என் கண்ணுக்கு நேராக டேப் போட்டு ஒட்டினேன் (பெட்ரோல் இருக்கும் ஹோஸை ஒருபோதும் காருக்குள் கொண்டுவரக் கூடாது). பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி ஐடிலில் பார்த்தால் 39 பி.எஸ்.ஐ., புத்தகத்தில் உள்ளபடியே. ஸ்ட்ரிப்பில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தேன். 4,000 ஆர்.பி.எம். வரை முள் அசையவில்லை. அதற்குப் பிறகு மெல்லச் சாய்ந்து, 5,000-இல் 31-க்கு வந்து நின்றது. நைட்ரஸ் இல்லாமலே இந்த நிலை. ஓட்டும்போது காரில் எந்தக் குறையும் தெரியவில்லை, ஐடில் அழகாக இருந்தது. அந்த நிலையில் 75 எச்.பி.யைத் திறந்துவிட்டிருந்தால் அன்றே பிஸ்டன் போயிருக்கும்.

ஆகவே முதல் செலவு 190 லிட்டர் பம்ப், புது ஃபில்டர். டேங்கை இறக்கித்தான் பம்பை மாற்ற முடியும். இறக்கும் நாளிலேயே அங்குள்ள ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி, சுத்தம் செய்து ஓட்டத்தை அளந்து தரும் கடைக்கு அனுப்புங்கள். எட்டில் ஒன்று அடைத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் லீனாக ஓடும், மற்ற ஏழும் நன்றாக இருப்பதால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் முடிந்ததும் நான் செய்த கேஜ் சோதனையைச் செய்யுங்கள். மூன்றாவது கியரில் 5,500 வரை 39 அசையாமல் நின்றால்தான் அடுத்த வேலை.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. கிராங்க் நுனியில் இருக்கும் ஹார்மோனிக் பேலன்ஸர் ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒரு ஹப், வெளியே கனமான ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே ரப்பர். டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை அளக்கும் கோடுகள் வெளி வளையத்தில் இருக்கின்றன. வருடங்கள் போகப் போக ரப்பர் பிடி விட்டு வளையம் நழுவும். அப்போது டைமிங் லைட்டில் 10 டிகிரி என்று தெரியும், உண்மையில் 16 ஆக இருக்கும் (எண் கூடக் கூடப் பொறி முன்னதாக விழும்). நைட்ரஸுக்கு டைமிங்கைக் குறைத்துவிட்டேன் என்று நிம்மதியாக ஓட்டுவீர்கள், எஞ்சினோ ஏற்கனவே ஆபத்தான இடத்தில் இருக்கும்.

இதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் மாட்டுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, முட்டும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். மறுபக்கம் சுற்றி இன்னொரு குறி. இரண்டுக்கும் சரிநடுவே வருவதுதான் உண்மையான டாப் டெட் சென்டர், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். பேலன்ஸரின் பூஜ்யக் கோடு அங்கே நிற்கிறதா பாருங்கள். ரப்பர் வெடித்து வெளியே பிதுங்கியிருந்தால் சோதனையே தேவையில்லை, மாற்றிவிடுங்கள். வாங்கும்போது 50 அவுன்ஸ் பேலன்ஸர் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 1981-க்கு முந்தைய 302-களுக்கு (இதே 5.0-இன் கன அங்குலப் பெயர்) 28 அவுன்ஸ், பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன் டெஸ்டையும் முடித்துவிடுங்கள். அதற்கு பேட்டரியை மறுபடி மாட்டி, பற்றவைக்கும் காயிலின் ஒயரைக் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. ஒன்று மட்டும் தனியாகக் குறைந்திருந்தால் அந்த எஞ்சினுக்கு நைட்ரஸ் வேண்டாம், 50 கூட வேண்டாம்.

டைமிங்குக்கு வருவோம். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஸ்பவுட் என்ற சின்ன கனெக்டர் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டுத்தான் அடிப்படை டைமிங்கை அளக்க வேண்டும், அளந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். ஃபோர்டு வைத்தது 10 டிகிரி. இந்தக் கார்களை வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் கொஞ்சம் துள்ளலுக்காக 13, 14 என்று ஏற்றி வைத்திருப்பார்கள். உங்களுக்கு முன் வைத்திருந்தவரும் அப்படிச் செய்திருக்கலாம். 50 எச்.பி.க்கு 2 டிகிரி குறைப்பது நடைமுறைக் கணக்கு. 75-க்கு 3 டிகிரி, அதாவது 7-இல் வைத்துத் தொடங்குங்கள். நைட்ரஸ் இல்லாத நேரத்தில் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும், பரவாயில்லை. பெட்ரோல் 93 ஆக்டேன், கிடைக்காத ஊரில் 91, அதற்குக் கீழே வேண்டாம். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, சாதாரண காப்பர் பிளக். இடைவெளி காரோடு வந்தபடி 0.054 அங்குலம், அதை 0.035-க்குக் குறையுங்கள். அழுத்தம் கூடிய கலவையில் பெரிய இடைவெளியைப் பொறி தாண்டாமல் போகலாம், அப்படி மிஸ் ஆகும் பெட்ரோலும் நைட்ரஸும் எக்ஸாஸ்டில் போய் வெடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர், பிளக் ஒயர் எல்லாம் பழசு என்றால் மாற்றிவிடுங்கள்.

இப்போது கிட். டிரை, வெட் என்று இரண்டு வகை. டிரையில் நைட்ரஸ் மட்டும் உள்ளே போகும், பெட்ரோலை உங்கள் இன்ஜெக்டர்களே கூட்டித் தர வேண்டும். 5.0-க்கு வந்த பிரபலமான டிரை கிட்டுகள் நைட்ரஸ் அழுத்தத்தையே ஃபியூயல் ரெகுலேட்டரின் வேக்குவம் முனையில் செலுத்தி, ரயில் அழுத்தத்தை 80 பி.எஸ்.ஐ. வரை ஏற்றும். உங்கள் இன்ஜெக்டர்கள் மணிக்கு 19 பவுண்டு வகை. 39-இல் 19 பவுண்டு தருவது 80-இல் சுமார் 27 பவுண்டு தரும். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் பம்ப் அந்த 80-ஐத் தாங்க வேண்டும், பழைய இன்ஜெக்டர் அந்த அழுத்தத்துக்கு எதிராக ஒழுங்காகத் திறக்க வேண்டும், பழைய ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழியாமல் இருக்க வேண்டும். வயதான பாகங்களை நம்பி இத்தனை நிபந்தனை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

வெட்டில் ஒரே நாசிலில் நைட்ரஸும் பெட்ரோலும் சேர்ந்து வரும். ரயில் அழுத்தம் 39-லேயே இருக்கும். 75 எச்.பி.க்கு நான் இதைத்தான் போடச் சொல்வேன். இதன் குறை என்னவென்றால், 5.0-இன் நீண்ட குழாய்கள் கொண்ட இன்டேக் காற்றுக்காகச் செய்யப்பட்டது. குறைந்த ஆர்.பி.எம்.மில் காற்று மெதுவாகப் போகும்போது பெட்ரோல் பிரிந்து அடியில் தேங்கும். தேங்கியதில் ஒரு பொறி பட்டால் இன்டேக்கே பிளந்துவிடும். 3,000-க்கு மேல் காற்றோட்டம் பெட்ரோலை இழுத்துச் சென்றுவிடும், அங்கே இந்தப் பயம் குறைவு.

3,000 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நைட்ரஸ் ஒரே சீரான அளவில் பாய்கிறது, ஆர்.பி.எம். எதுவானாலும் கிடைப்பது அதே 75 எச்.பி. அப்படியென்றால் ஆர்.பி.எம். குறையக் குறைய டார்க் கூடும். 5,000-இல் 79 பவுண்டு-அடி, 3,000-இல் 131, 2,000-இல் 197. உங்கள் எஞ்சின் 3,000 பக்கத்தில் சொந்தமாகவே 300 பவுண்டு-அடி தருகிறது. உங்கள் காரின் டி-5 கியர்பாக்ஸுக்கு ஃபோர்டு சொன்ன அளவும் ஏறக்குறைய அதே 300-தான். 75 என்பது எஞ்சினுக்குச் சின்ன எண், டி-5-க்கு அப்படி இல்லை. ஒட்டும் டயர் போட்டுக்கொண்டு, புறப்படும் இடத்திலேயே நைட்ரஸைத் திறந்து, கிளட்சைப் பட்டென்று விட்டால் மூன்றாவது கியரின் பற்கள் ஒருநாள் கியர்பாக்ஸின் அடியில் கிடக்கும். இரண்டாவது கியருக்குப் போன பிறகு திறந்துவிடுங்கள்.

இதையெல்லாம் உங்கள் விரலுக்கும் ஞாபகத்துக்கும் விடாதீர்கள். முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் வேலை செய்யும் மைக்ரோ சுவிட்ச் கிட்டோடு வரும். அதோடு ஒரு விண்டோ சுவிட்சும் ரயிலில் ஒரு ஃபியூயல் பிரஷர் சுவிட்சும் சேர்த்து வாங்குங்கள். விண்டோ சுவிட்ச் 3,000-க்குக் கீழும் 5,600-க்கு மேலும் நைட்ரஸை நிறுத்திவிடும். மேல் எல்லை முக்கியம். 6,250 பக்கத்தில் உங்கள் காரின் கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற இன்ஜெக்டர்களை நிறுத்துகிறது. அந்த நொடியில் நைட்ரஸ் திறந்திருந்தால் ஆக்சிஜன் கொட்டும், வெட் கிட்டின் நாசிலில் வரும் பெட்ரோல் மட்டும் அத்தனைக்கும் பற்றாது. கியர் மாற்றும்போது ஒருமுறை தவறினால் போதும், அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். பிரஷர் சுவிட்ச் அழுத்தம் விழுந்ததும், நைட்ரஸைத் திறந்து மூடும் மின் வால்வான சொலினாய்டுக்கு மின்சாரத்தை வெட்டிவிடும். பம்ப் எப்போது படுக்கும் என்று யாருக்கும் சொல்லிவிட்டுப் படுக்காது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது: பைப் திரட் உள்ள இடங்களில் டெஃப்லான் பேஸ்ட் தடவுங்கள், டேப் சுற்றாதீர்கள். டேப்பின் ஒரு நூல் பிய்ந்து சொலினாய்டின் உள்ளே சிக்கினால் அது முழுசாக மூடாது. ஏ.என். ஃப்ளேர் இணைப்புகளில் (விரிந்த முனையே அழுந்தி மூடும் வகை) எதுவும் தடவக் கூடாது. எல்லாம் முடிந்ததும் எஞ்சின் ஓடாத நிலையில் நாசிலை வெளியே எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் நுனியை முக்கி, பாட்டிலைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். ஒரு குமிழி வந்தாலும் சொலினாய்டு கசிகிறது என்று அர்த்தம். கசிந்த நைட்ரஸ் இன்டேக்கில் நிறைந்திருக்கும்போது சாவியைத் திருப்புவதுதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய விபத்து. சந்தேகம் வந்தால் பாட்டிலை மூடி, காயில் ஒயரையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, த்ராட்டிலை முழுக்கத் திறந்து கொஞ்ச நேரம் சுற்றவிட்டு வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட்டம் முடிந்ததும் பாட்டிலை மூடும் பழக்கத்தையும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெட்டுகள் என்பவை ஓட்டத்தை அளவிடும் சின்னத் துளைத் துண்டுகள். அவற்றின் மேல் உள்ள எண் துளையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. நைட்ரஸ் ஜெட், பெட்ரோல் ஜெட் இரண்டும் ஜோடி. கிட் தயாரித்தவர் அட்டவணையில் உங்கள் ரயில் அழுத்தத்துக்கு எதிரே என்ன ஜோடி இருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள். கொஞ்சம் வேகம் கூடட்டும் என்று நைட்ரஸ் ஜெட்டை மட்டும் மாற்றவே கூடாது.

அந்த ஜோடி சரியாக இருப்பது பாட்டில் அழுத்தம் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. வரை இருக்கும்போதுதான். நைட்ரஸின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 750 அளவில் இருக்கும், 85-இல் 900-ஐத் தொடும். உறையும் குளிரில் 450-தான். அழுத்தம் குறைந்தால் நைட்ரஸ் குறைவாக வரும், பெட்ரோல் அதேதான் வரும், கார் ரிச்சாகித் திணறும், அவ்வளவே. வெயிலில் நின்ற ஹேட்ச்பேக்கில் அழுத்தம் 1,100-ஐத் தாண்டினால் நைட்ரஸ் கூடுதலாக வந்து லீன் ஆகும், அதுதான் ஆபத்து. ஆகஸ்ட் மதியத்தில் ஈரத்துண்டு சுற்றி பாட்டிலைக் குளிர்விப்பதைத் தயங்காமல் செய்யுங்கள். குளிர் காலத்துக்கு தெர்மோஸ்டாட் உள்ள போர்வை வகை ஹீட்டர் வாங்குங்கள். பாட்டிலுக்குத் தீ காட்டுவது உயிரோடு விளையாடுவது.

உங்களுடையது ஹேட்ச்பேக் என்பதால் இன்னொன்று. பின்பக்கம் சாமான் வைக்கும் இடமும் நீங்கள் உட்காரும் இடமும் ஒரே அறை. பாட்டிலின் சேஃப்டி டிஸ்க் (அழுத்தம் மீறினால் கிழியும் தகடு) வெடித்தால் மொத்த வாயுவும் உங்கள் மேல்தான் வரும். டிஸ்க்கிலிருந்து ஒரு குழாயைத் தரை வழியாக வெளியே விடுங்கள். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதியும் இதையே சொல்கிறது, கூடவே அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. 1800 முத்திரை உள்ள பாட்டிலையும் கேட்கிறது. பாட்டிலை வால்வு முன்பக்கமாகவும் கொஞ்சம் மேலேயும், லேபிள் மேல்நோக்கியும் இருக்கும்படி, ஃப்ளோரில் போல்ட் போட்டு மாட்டுங்கள். உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழாய் அப்போதுதான் புறப்படும் வேகத்திலும் திரவத்தில் மூழ்கி இருக்கும். கால் மைலை 13.99 வினாடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். 75 எச்.பி.யோடு நீங்கள் அந்தப் பக்கம் போய்விடுவீர்கள், இப்போதே வாங்கிவிடுங்கள். சாலையில் இதைத் திறக்காதீர்கள். பாட்டில் இணைந்திருப்பதற்கே சில மாநிலங்களில் தடை உண்டு. கலிஃபோர்னியாவில் அந்த மாநிலத்தின் காற்று வாரியம் கிட்டுக்குத் தந்த ஒப்புதல் எண் வேண்டும்.

10 பவுண்டு பாட்டிலில், ஓட்டத்துக்கு முக்கால் பவுண்டு வீதம் போகும். கடைசி சில பவுண்டில் அழுத்தம் விழுந்துவிடும் என்பதால் எட்டு, ஒன்பது ஓட்டம் நன்றாக வரும். எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைத் தராசில் வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். திரவம் இருக்கும்வரை கேஜ் வெப்பநிலையை மட்டுமே காட்டும்.

முதல் நாள் 50 எச்.பி. ஜெட்டுகளோடு போங்கள், டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோலோடு. அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் இருந்தால் காற்று-பெட்ரோல் விகிதம் 12-ஐ ஒட்டி வருகிறதா பாருங்கள். ஓட்டத்தின் கடைசியில் கிளட்சை மிதித்து, எஞ்சினை அணைத்து, உருண்டே வெளியே வாருங்கள். ஐடிலில் ஓட்டிக்கொண்டு வந்தால் பிளக்கில் இருந்த தடயம் அழிந்துவிடும். ஓரமாக நிறுத்தி, சூடு ஆறியதும் எட்டு பிளக்கையும் கழற்றி வரிசையாக அடுக்குங்கள். பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். மிளகுப்பொடி தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் தொடங்குகிறது. அவற்றுக்கு நடுவே ஊசிமுனை அளவில் வெள்ளியாக மின்னும் பொட்டு இருந்தால் அது அலுமினியம், உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தது. அன்றைக்கு பாட்டிலை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள், டைமிங்கையும் பெட்ரோல் அழுத்தத்தையும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள். எட்டுப் பீங்கானும் சுத்தமாக, ஒரே நிறத்தில் இருந்தால் அடுத்த மாதம் 75 ஜெட்டுகளை மாட்டலாம்.